போஸ்ட்ஃபிக்ஸ் க்யூவில் மெயில் எத்தனை நாள் காத்திருக்கலாம்?

திங்கட்கிழமை அனுப்பிய மெயில், 'போய்ச் சேரவில்லை' என்று சனிக்கிழமை திரும்பி வந்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் மெயில் சர்வர் மென்பொருளில் நாம் எதையும் மாற்றாவிட்டால், க்யூவில் (காத்திருப்பு வரிசையில்) இருக்கும் மெயிலின் காலாவதி 5 நாள்.

எல்லா மெயிலும் இப்படிக் காத்திருப்பதில்லை. எதிர்முனை சர்வர் 5-இல் தொடங்கும் எண்ணைச் சொல்லி மறுத்தால் உடனே திரும்பிவிடும். 4-இல் தொடங்கினால் தற்காலிகச் சிக்கல் என்று பொருள். அதுதான் க்யூவில் தங்கும்.

முதலில் டெர்மினலில் மெயில்க்யூ கட்டளையைக் கொடுங்கள். ஒவ்வொரு மெயிலின் அடையாள எண், வந்த நேரம், நிற்கும் காரணம் மூன்றும் தெரியும். காரணம் உங்கள் டிஎன்எஸ் (டொமைன் பெயருக்குரிய முகவரியைத் தேடித் தரும் அமைப்பு) கோளாறு என்றால், கால அளவில் கை வைத்துப் பயனில்லை.

சரி, அடுத்து மெயின்.சிஎஃப் என்ற போஸ்ட்ஃபிக்ஸ் அமைப்புக் கோப்பில் இவற்றை எழுதுங்கள். பெயர்களை ஆங்கிலத்தில், சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டு எழுத வேண்டும்:

டிலே வார்னிங் டைம் = 4
மேக்சிமல் க்யூ லைஃப்டைம் = 3
பவுன்ஸ் க்யூ லைஃப்டைம் = 1

முதல் வரி தாமத எச்சரிக்கைக்கு, இரண்டாவது சாதாரண மெயிலின் காலாவதிக்கு, மூன்றாவது 'போய்ச் சேரவில்லை' என்று திரும்பும் அறிவிப்பின் காலாவதிக்கு. அலகு போடாவிட்டால் முதல் வரி மணிக்கணக்கு, மற்ற இரண்டும் நாள்கணக்கு. இங்கேதான் பலர் குழம்புவார்கள்.

என்னைக் கேட்டால், முதல் வரி மட்டுமே பலருக்குப் போதும். மெயில் 4 மணி நேரம் தேங்கினால் அனுப்பியவருக்குத் தகவல் போய்விடும். சர்வர் தொடர்ந்து முயன்றுகொண்டே இருக்கும். மெயில் அனுப்பும் முறைக்கான தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 5321 பொதுவாகக் குறைந்தது 4, 5 நாள் முயலச் சொல்கிறது. இரண்டாவது வரியில் அதைக் குறைத்தே ஆக வேண்டுமென்றாலும் 3-க்குக் கீழே போகாதீர்கள்: வெள்ளி இரவு படுத்த சர்வரைத் திங்கள் காலைதான் யாராவது வந்து பார்ப்பார்கள். 0 என்று போட்டால் ஒரே முயற்சிதான். கிரேலிஸ்டிங் வைத்திருக்கும் சர்வர்கள் முதல் முறை வேண்டுமென்றே 4-ஐச் சொல்லித் திருப்பும் என்பதால், நல்ல மெயிலும் வீணாகும்.

பிறகு போஸ்ட்ஃபிக்ஸ் ரீலோட். ஒரு எச்சரிக்கை: வயது கணக்கிடப்படுவது மெயில் க்யூவுக்கு வந்த நேரத்திலிருந்து. ஏற்கெனவே 4 நாளாக நிற்கும் மெயில், அடுத்த முயற்சியும் தோற்றால் உடனே திரும்பிவிடும்.

ஒரே ஒரு மெயிலைத்தான் காலாவதியாக்க வேண்டுமா? 3.5 பதிப்பிலிருந்து போஸ்ட்சூப்பர் கட்டளையோடு ஹைஃபன் இ, அடையாள எண் கொடுத்தால் போதும், அனுப்பியவருக்கும் தெரிந்துவிடும். ஹைஃபன் டி கொடுத்தால் சத்தமில்லாமல் அழிந்துவிடும், ஸ்பாமுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.