கமிஷனை எப்போது வழங்குவது?

மின்னூல், மென்பொருள் போன்றவற்றை விற்கும் இணையதள உரிமையாளர், அவற்றைப் பிறருக்குப் பரிந்துரைத்து, விற்பனைக்குக் கமிஷன் பெறும் பரிந்துரையாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளம் கொண்ட இணைப்பைத் தருகிறார். அதைச் சொடுக்கி வருபவரின் உலாவியில் பதியும் குக்கீ (இணையதளம் சேமித்துவைக்கும் சிறு தகவல் கோப்பு), குறித்த நாட்களுக்குள் அவர் பொருளை வாங்கினால், அந்த விற்பனையை உரிய பரிந்துரையாளரின் கணக்கில் சேர்க்கிறது. ஒவ்வொரு பிரதிக்கும் தனியே உற்பத்திச் செலவு இல்லாததால், விலையில் பாதியைக்கூடக் கமிஷனாகத் தர முடிகிறது. ஆனால் அதை உடனே வழங்கிவிடாதீர்கள்: பணத்தைத் திரும்பப் பெற வாடிக்கையாளருக்கு 30 நாள் அவகாசம் அளித்திருந்தால், அது முடிந்த பிறகே கமிஷன் என்று விதிமுறையில் எழுதிவைப்பது நல்லது. தம் இணைப்பின் வழியே தாமே வாங்கிக் கமிஷன் பெறுவதையும் (யாரும் செய்யமாட்டார்கள் என்று நம்புவது வெகுளித்தனம்) அதிலேயே தடைசெய்யுங்கள். குக்கீயை அழித்துவிட்டோ வேறு கருவியிலிருந்தோ வாங்குபவர்கள் கணக்கில் விடுபடுவார்கள் என்பதால், பரிந்துரையாளருக்கெனத் தனித் தள்ளுபடிக் குறியீடும் கொடுத்துவையுங்கள்; அதைப் பயன்படுத்தி வாங்கினால், விற்பனை யார் மூலம் வந்தது என்று தெரிந்துவிடும்.