நாலு இட்லிக்கு வீட்டில் எவ்வளவு, ஹோட்டலில் எவ்வளவு? கணக்குப் போடும் முறை

வீட்டில் சமைத்தால் மிச்சம் என்று எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு மிச்சம் என்று கேட்டால் பதில் வராது. ஹோட்டலில் ஒரே பில். வீட்டுச் செலவோ மளிகை, காய்கறி, சிலிண்டர், கரண்ட் என்று நாலு இடத்தில் சிதறிக் கிடக்கிறது. அதை ஒரு தட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தால்தான் ஒப்பிட முடியும். இங்கே எடுத்துக்கொள்வது நாலு பேர் இருக்கும் வீட்டின் காலை டிபன்: ஆளுக்கு நாலு இட்லி, சாம்பார், தேங்காய்ச் சட்னி. முறை பிடிபட்டுவிட்டால் சாப்பாடு, பிரியாணி எதற்கும் இதே வழிதான்.

ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு ஒன்று, நோட்டு, கடிகாரம் போதும். கீழே வரும் விலைகள் கணக்குக்காக வைத்தவை. உங்கள் கடைப் பில்லில் இருப்பதை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

1. விலைப் பட்டியல்

தொடங்குகிறவர்கள் முதலில் செய்யும் தவறு, மாத மளிகைப் பில்லை முப்பதால் வகுப்பது. அந்தப் பில்லில் சோப்பும் இருக்கும், மூன்று மாதத்துக்கு வரும் பெருங்காயமும் இருக்கும். அப்படி வகுத்தால் எதுவும் தெரியாது. டிபனுக்குப் போகும் சாமான்களை மட்டும் எழுதி, பக்கத்தில் கிலோ விலையைப் போடுங்கள்: இட்லி அரிசி 50, முழு உளுந்து 140, துவரம் பருப்பு 130, சின்ன வெங்காயம் 60, தக்காளி 40, புளி 160, சாம்பார் பொடி 350 ரூபாய். நல்லெண்ணெய் லிட்டர் 350, தேங்காய் ஒன்று 32.

ரேஷன் பருப்பு கிலோ 30 ரூபாய் என்பதால் அந்த விலையையே போடத் தோன்றும். ஆனால் மாதத்துக்குக் கிடைப்பது ஒரு கிலோதான். வீட்டில் மாதம் இரண்டு கிலோ செலவானால் மீதி ஒரு கிலோ கடையில் வாங்கியதாக இருக்கும். இரண்டையும் சேர்த்த சராசரி, அதாவது கிலோ 80 ரூபாய், என்று போடுவதே சரி. இந்தக் கணக்கில் கடை விலையே வைத்திருக்கிறோம்.

2. கேஸ் அடுப்புக்கு நிமிட விலை

பலர் கேஸை விட்டுவிடுவார்கள், அல்லது பயந்து அதிகமாகப் போடுவார்கள். சிலிண்டர் மாட்டும் தேதியைச் சுவரில் எழுதிவையுங்கள். 14.2 கிலோ சிலிண்டர் 870 ரூபாய்க்கு வந்து 45 நாள் ஓடினால், நாளுக்கு 19 ரூபாய் 33 காசு. இனி மூன்று நாள், எந்த அடுப்பு எத்தனை நிமிடம் எரிகிறது என்று குறியுங்கள். இரண்டு அடுப்பு ஒரே நேரத்தில் எரிந்தால் இரண்டையும் தனித்தனியாகக் கூட்ட வேண்டும். சிம்மில் வைத்த நிமிடங்களைப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 110 நிமிடம் வந்தால், நிமிடத்துக்குச் சுமார் 18 காசு. இந்த ஒரு எண்ணை மட்டும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள், எல்லாப் பதார்த்தத்துக்கும் இதுதான் உதவும்.

3. மாவு

இட்லி அரிசி 1 கிலோ, முழு உளுந்து 250 கிராம், வெந்தயம் 10 கிராம், கல் உப்பு 25 கிராம். அரிசி நாலு முதல் ஐந்து மணி நேரம் ஊறட்டும். உளுந்துக்கு வெந்தயத்தோடு ஒன்று, ஒன்றரை மணி நேரம் போதும். உளுந்துக்கு அரை லிட்டருக்குச் சற்று மேலாகக் குளிர்ந்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அரைத்து, பொங்கி வந்ததும் எடுத்துவிட்டு அரிசியைப் போடுங்கள். உப்புப் போட்டுக் கரைத்ததும் மாவை எடை போடுங்கள். ஏறக்குறைய 3 கிலோ வர வேண்டும். ஒரு குழிக்கு 50 கிராம் என்றால் 60 இட்லி.

அரிசி 50, உளுந்து 35, வெந்தயமும் உப்பும் சேர்ந்து 2. கிரைண்டர் 150 வாட் என்றால் முக்கால் மணி நேரத்துக்கு 0.11 யூனிட், ஒரு ரூபாய்கூட ஆகாது. ஒரு ரூபாயாகவே வைப்போம். மொத்தம் 88. இட்லிக்கு 1 ரூபாய் 47 காசு. 16 இட்லி ஊற்றும் ஒரு ஈடு, தண்ணீர் கொதிப்பதையும் சேர்த்து 15 நிமிடம்: 2.70. ஆக ஒரு இட்லி 1 ரூபாய் 64 காசு.

கிரைண்டர் விலையையும் சேர்க்க வேண்டாமா? சேர்க்கலாம். 5,000 ரூபாய் கிரைண்டரில் ஆண்டுக்கு நூறு முறை, பத்து ஆண்டு அரைத்தால் ஒரு முறைக்கு 5 ரூபாய், இட்லிக்கு 8 காசு. வாங்கி வைத்துவிட்டு மாதம் ஒருமுறை மட்டும் அரைத்தால் அதுவே 70 காசைத் தொடும்.

60 இட்லி வர வேண்டிய இடத்தில் 50தான் வருகிறதா? பெரும்பாலும் உளுந்து பழையது. பழைய உளுந்து தண்ணீரை வாங்காது, பொங்காது. அப்போது மாவுச் செலவு இட்லிக்கு 1.76 ஆகும். அந்த 29 காசு பெரிய விஷயமில்லை. இட்லி கல்லாகி, யாரும் தொடாமல் தட்டில் மிஞ்சுகிறதே, அங்கேதான் பணம் போகிறது.

4. சாம்பாரும் சட்னியும்

நாலு பேருக்குச் சாம்பார்: துவரம் பருப்பு 150 கிராம் (19.50), சின்ன வெங்காயம் 100 கிராம் (6), தக்காளி 150 கிராம் (6), கத்தரிக்காயோ கேரட்டோ 200 கிராம் (10), புளி 15 கிராம் (2.40), சாம்பார் பொடி 20 கிராம் (7), நல்லெண்ணெய் 15 மில்லி (5.25), தாளிப்பும் கொத்தமல்லியும் 3, கேஸ் 25 நிமிடம் 4.50. கூட்டினால் 63.65.

சட்னிக்குப் பாதித் தேங்காய் 16, பொட்டுக்கடலை 25 கிராம் 3.25, பச்சை மிளகாய், இஞ்சி, உப்பு 2, தாளிக்க 1.50. சுமார் 23.

காயை எடை போடும்போது நறுக்கிய பிறகு போடாதீர்கள். நீங்கள் காசு கொடுத்தது தோலுக்கும் காம்புக்கும் சேர்த்துத்தான். வாங்கியபடியே எடை போடுங்கள்.

இப்போது கூட்டுவோம். 16 இட்லி 26, சாம்பார் 64, சட்னி 23. மொத்தம் 113 ரூபாய், ஆளுக்கு 28. இதில் இட்லியின் பங்கு கால்வாசிகூட இல்லை. ஆகவே அரிசியில் கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைக்க அலைவதைவிட, சாம்பார் மிஞ்சாமல் அளவாக வைப்பது நிறைய மிச்சம் பிடிக்கும். முதல்முறை இந்தக் கணக்கைப் போடும் எவருக்கும் இது ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

5. ஹோட்டல் பக்கம்

இரண்டு இட்லி 40 ரூபாய் என்று வைப்போம். ஆளுக்கு நாலு என்றால் நாலு பேருக்கு 320. சாதாரண ஹோட்டலில் ஜிஎஸ்டி 5 சதவீதம்: 336. சின்ன மெஸ்ஸில் பில்லில் ஜிஎஸ்டி எண் இல்லாவிட்டால் வரி என்று தனியாக வாங்க முடியாது. சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு தொகை பில்லில் தானாக வந்திருந்தால் எடுத்துவிடச் சொல்லலாம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே அப்படிச் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

ஆப்பில் வரவழைத்தால் மெனுவில் தெரியும் விலையை எழுதாதீர்கள். பேக்கிங், டெலிவரி, ஆப் தனக்கென்று வாங்கும் பிளாட்ஃபார்ம் கட்டணம், வரி எல்லாம் சேர்ந்து, தள்ளுபடி போக, கடைசியில் கணக்கிலிருந்து போகும் தொகையை எழுதுங்கள். அதே இட்லிக்கு ஆப்பில் ஒரு விலை, கல்லாவில் ஒரு விலை இருக்கும் கடைகள் உண்டு. ஒருமுறை நேரில் போய் விலைப் பலகையைப் பார்த்துவிடுவது நல்லது.

இன்னொன்று, எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாறுவோம். ஒரு பார்சல் வாங்கிவந்து இட்லியைத் தராசில் வையுங்கள். ஹோட்டல் இட்லி 70 கிராம், வீட்டு இட்லி 48 கிராம் என்றால், அங்கே மூன்று இங்கே நாலுக்குச் சமம். அப்போது ஹோட்டல் செலவு 252 ஆகிவிடும்.

6. நேரம்

ஊறும் நேரம், புளிக்கும் நேரம் கணக்கில் வராது. ஆள் நிற்கும் நேரம் மட்டும்தான். மாவு அரைத்துக் கழுவ 25 நிமிடம். அது 60 இட்லிக்கு, ஆகவே 16 இட்லிக்கு 7. இட்லி ஊற்றி எடுக்க 10, சாம்பார் 25, சட்னி 10, பாத்திரம் 15. மொத்தம் 67 நிமிடம். பாத்திரத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மறப்பவர் பெரும்பாலும் அதைக் கழுவாதவர்.

இந்த நேரத்துக்கு ஒரு கூலி போட்டுச் செலவோடு சேர்த்துவிட வேண்டாம். எந்தக் கூலி என்பதிலேயே கணக்கு நின்றுவிடும். ரூபாய் வித்தியாசத்தை நேரத்தால் வகுத்துப் பாருங்கள்: 336-இல் 113 போனால் 223. அதை 67 நிமிடத்தால் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 200 ரூபாய். அது யாருடைய மணி நேரம், அவருக்கு அந்த நேரத்தில் வேறு வேலை இருக்கிறதா, ஓய்வு வேண்டுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேச இந்த எண் உதவும்.

தனி ஆளாக இருந்தால்

மேலே உள்ளதை நாலால் வகுத்தால் போதும் என்று நினைப்பார்கள். போதாது. சாம்பார் சாமான் கால்வாசியானாலும் அடுப்பு அதே 25 நிமிடம் எரியும். நாலு இட்லி 8.50, சாம்பார் 19, சட்னி 6 என்று 34 ரூபாய் ஆகும். ஹோட்டலில் 84. மிச்சம் 50 ரூபாய், ஆனால் வேலை ஏறக்குறைய அதே ஒரு மணி நேரம். உடைத்த தேங்காயில் மீதி கெட்டுப்போனால் மிச்சத்தில் பாதி அங்கேயே போய்விடும்.

தனி ஆளுக்கு மாவுப் பாக்கெட் வாங்குவதில் தவறே இல்லை. கிலோ 50 ரூபாய் பாக்கெட்டில் 20 இட்லி வந்தால் ஒன்று 2.50. வீட்டு மாவைவிட ஒரு ரூபாய்தான் கூடுதல். சாம்பாரை ஒரே நேரத்தில் இரண்டு வேளைக்கு வைத்து, பாதியைச் சூடு ஆறியதும் ஃப்ரிட்ஜில் எடுத்துவைத்து மறுநாள் நன்றாகக் கொதிக்கவிட்டுச் சாப்பிடலாம். தேங்காய்க்குப் பதில் தக்காளிச் சட்னி அரைத்தால் இரண்டு நாள் ஃப்ரிட்ஜில் இருக்கும்.

வடைக்கு மட்டும் கணக்கு வேறு. கடாயில் அரை லிட்டர் எண்ணெய் ஊற்றுவோம், ஆனால் வடை குடிப்பது அதில் ஒரு பங்கு. பொரிப்பதற்கு முன்பும் ஆறிய பின்பும் எண்ணெயோடு கடாயை எடை போட்டு, குறைந்ததை வடைக் கணக்கில் எழுதுங்கள். மீதி எண்ணெய் தாளிப்புக்கு ஓரிரு நாளில் தீருமானால் அவ்வளவுதான் செலவு. கறுத்துப்போய்க் கொட்ட வேண்டியதாகிவிட்டால் கொட்டியதையும் வடையோடு சேர்த்தே எழுத வேண்டும். அப்படிப் பார்த்தால் நாலு வடைக்காக வீட்டில் எண்ணெய் காய வைப்பது பெரும்பாலும் கட்டாது, கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கை மாதாமாதம் முழுதாகப் போட வேண்டியதில்லை. அரிசி, பருப்பு, புளி விலை மெதுவாகத்தான் நகரும். தக்காளி, சின்ன வெங்காயம், தேங்காய் மூன்றும் சட்டென்று ஏறும், இறங்கவும் செய்யும். அந்த மூன்று வரியைப் பென்சிலில் எழுதிவையுங்கள்.