பீசா, டிம்ஸ் எண்களை ஒப்பிடுவது எப்படி?

பீசா (PISA), டிம்ஸ் (TIMSS) இரண்டும் பல நாட்டு மாணவர்களின் திறனை ஒப்பிடும் பன்னாட்டுத் தேர்வுகள். அவற்றின் பட்டியலில் யார் முதலிடம் என்பதைக் கடைசியாகப் பாருங்கள். சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் உயர்நிலை மாணவர்களுக்குக் கணிதம் சொல்லித் தருகிறேன். பீசா முடிவு வந்தாலே பெற்றோர் அந்தப் பட்டியலோடுதான் வருவார்கள். "டீச்சர், நம்ம பிள்ளைங்க 575, தமிழ்நாட்டுப் பிள்ளைங்க 351-ஆமே?" என்று ஓர் அம்மா கேட்டார். எண்கள் இரண்டும் சரிதான். ஆனால் 575 என்பது 2022-இல் சிங்கப்பூர் கணிதத்தில் எடுத்தது; 351 என்பது 2009 சுற்றின் நீட்சியாகத் தமிழ்நாட்டில் நடந்த தேர்வில் வந்தது. அதே 2009 சுற்றில் நாம் எடுத்தது 562. முதலில் ஒரே சுற்றின் எண்களை எடுத்து வையுங்கள்.

எந்தத் தேர்வு என்பதையும் பாருங்கள். பீசா 15 வயதுப் பிள்ளைகளுக்கு. டிம்ஸ் தொடக்கநிலை 4, உயர்நிலை 2 (அதாவது நான்காம், எட்டாம் வகுப்பு) மாணவர்களுக்கு. பேர்ல்ஸ் (PIRLS) என்ற இன்னொரு பன்னாட்டுத் தேர்வு தொடக்கநிலை 4 மாணவர்களின் வாசிப்புக்கு. ஒன்றின் புள்ளியை இன்னொன்றின் பக்கத்தில் வைக்காதீர்கள்.

அப்புறம்தான் முக்கியமான கேள்வி: தேர்வு எழுதியது யார்? பீசா பள்ளியில் இருக்கும் பிள்ளைகளை மட்டுமே எடுக்கிறது. படிப்பை விட்டு வேலைக்குப் போய்விட்ட 15 வயதுப் பையன் அந்தச் சராசரிக்குள் வரவே மாட்டான். சிங்கப்பூரில் அந்த வயதில் ஏறக்குறைய எல்லாரும் பள்ளியில் இருக்கிறார்கள். 2012-இல் கணிதத்தில் 511 எடுத்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த வியட்நாமில், அந்த வயதினரில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள்தான் கணக்கில் வந்தார்கள். அந்த விகிதம் அறிக்கையின் பின்னிணைப்பில் இருக்கும், தேடி எடுங்கள்.

சீனாவின் எண்ணை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். 2015-இல் பெய்ஜிங், ஷாங்காய், ஜியாங்சு, குவாங்டாங் சேர்ந்து கணிதத்தில் 531. 2018-இல் 591. மூன்றே ஆண்டில் 60 புள்ளி ஏறியது என்று யாராவது சொன்னால், குவாங்டாங்கை எடுத்துவிட்டு ஜெஜியாங்கைச் சேர்த்ததைச் சொல்லுங்கள்.

வயதும் அப்படித்தான். பேர்ல்ஸ் 2021-இல் சிங்கப்பூர் 587, அயர்லாந்து 577. கொவிட் காரணமாக அயர்லாந்தில் தேர்வு தள்ளிப்போய், பிள்ளைகள் ஐந்தாம் வகுப்புக்குப் போன பிறகே எழுதினார்கள். நம் பிள்ளைகள் நான்காம் வகுப்பிலேயே எழுதியவர்கள். அந்த 10 புள்ளியை இதை மனத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

காலப்போக்கைப் பார்க்கும்போது அளவுகோல் மாறியிருக்கிறதா என்று கட்டாயம் சரிபாருங்கள். டிம்ஸ் 1995 அறிக்கையில் சிங்கப்பூர் உயர்நிலை 2 கணிதம் 643 என்று அச்சாகியிருக்கிறது. பிற்பாடு வந்த அறிக்கைகளில் அதே ஆண்டு, அதே மாணவர்கள், அதே விடைத்தாள்: 609. கணக்கிடும் முறையை மாற்றிப் பழைய எண்களைத் திருப்பிக் கணித்தார்கள். பழைய 643-ஐயும் 2023-இன் 605-ஐயும் பக்கத்தில் வைத்தால் நாம் 38 புள்ளி சரிந்துவிட்டது போலத் தெரியும். புதிய அளவில் வித்தியாசம் 4 மட்டுமே. ஆகவே கால ஒப்பீட்டுக்கு எப்போதும் கடைசியாக வந்த அறிக்கையின் அட்டவணையையே எடுங்கள். பழைய செய்தித்தாள் துணுக்கை நம்பி வரைபடம் போடாதீர்கள்.

சின்ன ஏற்ற இறக்கத்துக்கும் பதற வேண்டாம். பீசா கணிதத்தில் நாம் 2012-இல் 573, 2018-இல் 569. இவை எல்லாப் பிள்ளைகளும் எழுதியவை இல்லை, மாதிரியாகத் தேர்ந்தெடுத்தவர்கள் எழுதியவை. தவிர, சில பழைய வினாக்களைத் திரும்பப் போட்டுத்தான் ஒரு சுற்றை இன்னொரு சுற்றோடு இணைக்கிறார்கள், அந்த இணைப்பிலும் பிழை உண்டு. இரண்டையும் சேர்த்தால் இந்த ஒப்பீட்டில் ஏறக்குறைய 8 புள்ளி வரை இப்படியும் அப்படியும் ஆடும். 4 புள்ளியை வீழ்ச்சி என்று எழுதுவது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

சரி, இத்தனையும் பார்த்தாயிற்று என்றால் சராசரியைத் தாண்டிப் போங்கள். 2022 கணிதத்தில் நம் பிள்ளைகளில் 41 விழுக்காட்டினர் 5, 6 ஆகிய உச்ச நிலைகளில். பீசாவை நடத்தும் ஓஇசிடி அமைப்பின் உறுப்பு நாடுகளின் சராசரி 9 விழுக்காடு. அடிப்படையான 2-ஆம் நிலையையாவது எட்டியவர்கள் இங்கே 92 விழுக்காடு, அங்கே 69. என் வகுப்பில் நான் முதலில் தேடுவது மீதமுள்ள அந்த 8 விழுக்காட்டில் இருக்கும் பிள்ளையைத்தான். ஒவ்வொரு சுற்றிலும் அந்த எண்ணைக் குறித்து வைத்து, அது கூடுகிறதா குறைகிறதா என்று பாருங்கள்.