கல்லில் பச்சை முடி: ரீஃப் தொட்டியில் பாசியை அடக்குவது எப்படி?

பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, அதாவது ரீஃப் தொட்டி வைத்து மூன்று மாதம் இருக்கும். ஒருநாள் காலையில் விளக்கு எரிந்ததும் பார்த்தால் பாறையெல்லாம் பச்சை முடி, நீரோட்டத்தில் அலை அலையாக ஆடுகிறது. உடனே கடைக்கு ஓடி பாசி மருந்து வாங்கி ஊற்றிவிடாதீர்கள். முதலில் அது என்ன பாசி என்று பாருங்கள்.

புதுத் தொட்டியில் மணல்மேல் மாவு தூவினாற்போல் பழுப்பாகப் படிந்தால் அது டயட்டம். சில வாரத்தில் தானே போய்விடும், விட்டுவிடுங்கள். செம்பட்டை நிறத்தில் வழவழவென்று தோலாக உரிந்து வந்தால் சயனோ. உண்மையில் அது பாசியே இல்லை, பாக்டீரியா. பழுப்புச் சளி மாதிரி நூல்விட்டு, நுனியில் காற்றுக் குமிழோடு நின்று, இரவில் குறைந்து மறுநாள் விளக்கில் திரும்ப வந்தால் டைனோ (டைனோஃப்ளாஜலேட் என்ற நுண்ணுயிர்). அதற்கு வைத்தியமே வேறு, கீழே சொல்வதைச் செய்தால் இன்னும் மோசமாகும். பச்சை முடிதான் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

முதலில் கையால் பிடுங்க வேண்டும். இதைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் ஆறு மாதம் அவதிப்படுகிறார்கள். தொட்டி நீரையே ஒரு வாளியில் எடுத்து, கழற்ற முடிந்த பாறையை அதில் முக்கி, பழைய பல்துலக்கியால் தேயுங்கள். வாளி நீர் கீரை கடைந்த மாதிரி ஆகிவிடும், அதைக் கொட்டிவிடுங்கள். கழற்ற முடியாத பாறையில், இடது கையில் நீரை உறிஞ்சி வெளியேற்றும் சைஃபன் குழாயைப் பாசியின் அடியில் பிடித்துக்கொண்டு வலது கையால் பிடுங்குங்கள். பிய்ந்த துணுக்கு மிதந்து போனால் வேறு கல்லில் ஒட்டி முளைக்கும்.

அடுத்தது தண்ணீர். நான் சறுக்கியது இங்கேதான். சமையலறை ஆர்.ஓ. இருக்கிறதே என்று அதையே ஊற்றிக்கொண்டிருந்தேன். நீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பார்த்தால் 68 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 68 பங்கு). குடிநீர் ஆர்.ஓ.வில் சுவைக்காகக் கொஞ்சம் உப்பைத் திரும்பக் கலக்கும் அமைப்பு பெரும்பாலும் இருக்கும். நமக்கு அது நல்லது, தொட்டிக்கு ஆகாது. ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். ஈடுகட்ட ஊற்றுவதில் வரும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சிலிக்கேட்டும் உள்ளேயே தங்கி, நாளாக நாளாகச் சேரும். ஆர்.ஓ.வுக்குப் பின்னால், மிச்சமிருக்கும் உப்பையும் பிடித்துவிடும் டி.ஐ. ரெசின் போட்டு, மீட்டர் 0 காட்டும் நீரைத்தான் ஊற்ற வேண்டும்.

இப்போது சோதனை. நைட்ரேட் 5 முதல் 10 பி.பி.எம்., பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பி.பி.எம். இருந்தால் போதும். தொட்டி நிறைய முடி இருக்கும்போது சோதனை கிட் 0 காட்டினால் ஏமாறாதீர்கள்: சத்து இல்லாமல் இல்லை, கிட் பார்ப்பதற்குள் பாசி தின்றுவிடுகிறது. அதற்காக இரண்டையும் 0-க்குத் தள்ளவும் கூடாது. அப்போதுதான் மேலே சொன்ன டைனோ வந்து உட்காரும், பவளமும் வெளிறும்.

சத்து வரும் வழி பெரும்பாலும் நம் கைதான். மீனுக்குத் தீனியாகப் போடும் உறைந்த மைசிஸை (இறால் மாதிரியான சின்ன உயிர்) அப்படியே போடாமல், கிண்ணத்தில் உருகவிட்டு, வலையில் வடித்துப் போடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் மீன் தின்று தீர்க்கும் அளவு போதும். வாரம் 10 சதவீதம் நீர் மாற்றி, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரின் கோப்பையைக் கழுவி வையுங்கள். விளக்கு 8 மணி நேரம் போதும்.

நத்தை இதற்கெல்லாம் பிறகுதான். நீண்டு வளர்ந்த முடியை அவை சீந்தாது. நாம் மழித்துவிட்ட கல்லில் முளைக்கும் குருத்தைத்தான் மேயும். டர்போ என்ற நத்தை நன்றாக மேயும், ஆனால் புல்டோசர் மாதிரி ஒட்டாத பவளத்தையெல்லாம் தள்ளிவிடும். சின்னத் தொட்டிக்கு என் ஓட்டு டிரோகஸ் நத்தைக்கு. கவிழ்ந்தாலும் தானே நிமிர்ந்துகொள்ளும்.

இவ்வளவும் செய்து பாஸ்பேட் இறங்கவில்லையென்றால், பாறை முன்பு உறிஞ்சியதைக் கசியவிடுவதாக இருக்கலாம். பாஸ்பேட்டைப் பிடித்து வைக்கும் இரும்பு ஆக்சைடு குருணையான ஜி.எஃப்.ஓ. போடுங்கள், ஆனால் பொட்டலத்தில் எழுதியதில் பாதி அளவில் தொடங்குங்கள். பாஸ்பேட் சடாரென்று விழுந்தால் பவளம் தாங்காது. சம்ப் (தொட்டியோடு இணைந்த தனி வடிகட்டித் தொட்டி) இருந்தால், பந்தாக வளரும் கீட்டோ என்ற கடற்பாசியை அதில் வளர்ப்பது இன்னும் நல்லது: முடிப்பாசி தின்னும் சத்தை அது தின்னும், பந்து பெருத்ததும் பாதியைப் பிய்த்து எறிந்தால் சத்தும் வெளியே போய்விடும்.

எனக்கு பத்து வாரம் பிடித்தது. நடுவில் இரண்டு முறை திரும்ப முளைத்தது, இரண்டு முறையும் பல்துலக்கியை எடுத்தேன். முடி இருந்த இடத்தில் ரோஜா நிறத்தில் கோரலைன் (கல்லில் கெட்டியாகப் படியும் நல்ல பாசி) புள்ளி விழுந்த பிறகுதான் ஜி.எஃப்.ஓ.வை வெளியே எடுத்தேன்.