அமெரிக்காவில் மாணவர்களின் ரோடு ட்ரிப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேங்க்ஸ்கிவிங் விடுமுறையோ ஸ்பிரிங் பிரேக்கோ வந்துவிட்டால், லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் படிக்கும் நம் மாணவர்கள் போடும் திட்டம் பெரும்பாலும் ஒன்றுதான். லாஸ் வேகஸ், கிராண்ட் கேன்யன், பேஜ் ஊரில் ஆன்டிலோப் கேன்யன், அப்புறம் ஜயான் தேசியப் பூங்கா, மறுபடி வேகஸ் வழியாக வீடு. ஐந்து பேர், ஒரு கார், மூன்று நாள். மேப்பில் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும். உண்மையில் இந்தச் சுற்று ஏறத்தாழ 1,200 மைல், அதாவது 2,000 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய், திரும்பி வந்து, இன்னொரு முறை கன்னியாகுமரி போகிற தூரம் கிட்டத்தட்ட. இடங்களையும் பார்த்து இதை மூன்று நாளில் முடிக்க வேண்டுமென்றால் இராத்திரியிலும் வண்டி ஓட்டியாக வேண்டும். மற்ற தவறுகளில் பலவும் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

காரணம் காசுதான். கார் வாடகை நாள் கணக்கு, மோட்டல் இராத்திரிக் கணக்கு. ஓர் இரவை வண்டியிலேயே கழித்தால் தலைக்கு இவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போடுகிறோம். வெள்ளிக்கிழமை காலையில் எழுந்து, வகுப்பு, லேப் எல்லாம் முடித்து, இரவு ஒன்பது மணிக்கு ஸ்டியரிங் பிடிப்பவர் நள்ளிரவு தாண்டும்போது 17, 18 மணி நேரம் விழித்திருப்பார். அந்த நிலையில் மூளை வேலை செய்யும் வேகம், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவருடையதைப் போல ஆகிவிடும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. 24 மணி நேரம் ஆனால் அது 0.10. பெரும்பாலான மாநிலங்களில் சட்ட வரம்பு 0.08, ஜயான் இருக்கும் யூட்டாவில் 0.05 தான். அதிலும் பாலைவன நெடுஞ்சாலை வளைவில்லாமல் நீண்டு கிடக்கும், மிதிக்காமலே வண்டியை ஒரே வேகத்தில் ஓடவைக்கும் க்ரூஸ் கன்ட்ரோல் வேறு போட்டிருப்பார்கள். கண் எப்போது சொக்கியது என்பதே தெரியாது. பின்சீட்டில் பெல்ட் போடாமல் தூங்குபவருக்குத்தான் அடி பலமாக விழும். தயவுசெய்து ஓரிடத்தை விட்டுவிடுங்கள், அல்லது மோட்டலுக்கு ஓர் இரவு அதிகம் கொடுங்கள். ஐந்தாகப் பிரித்தால் அது பெரிய தொகையே இல்லை.

அடுத்தது வாடகை ஒப்பந்தம். 25 வயதுக்குக் கீழே இருந்தால் பல நிறுவனங்கள் நாளொன்றுக்குக் கூடுதல் கட்டணம் கேட்கும். அதனால் வயதில் மூத்தவர் பெயரில் காரை எடுத்து, நிறுத்துமிடத்தைத் தாண்டியதும் வேறொருவர் ஓட்டுவது வழக்கமாகிவிட்டது. ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டும்போது விபத்து நடந்தால் வாங்கிய காப்பீடு செல்லாமல் போகலாம். காரின் முழு விலையும் கையெழுத்துப் போட்டவர் தலையில் விழும். ஓட்டப்போகும் எல்லோர் பெயரையும் கவுன்ட்டரிலேயே சேருங்கள்.

காப்பீட்டிலும் ஒரு குழப்பம் உண்டு. கிரெடிட் கார்டோடு வரும் பாதுகாப்பு பெரும்பாலும் வாடகைக் காரின் சேதத்துக்கு மட்டும். நாம் இடித்த மற்றவரின் கார், அவருடைய ஆஸ்பத்திரிச் செலவு இவையெல்லாம் அதில் வராது. அதற்கு லயபிலிட்டி காப்பீடு வேண்டும். அமெரிக்கர்கள் பலருக்குச் சொந்தக் காரின் பாலிசியே இதைத் தாங்கிக்கொள்ளும். நம்மிடம் கார் இல்லை, பாலிசியும் இல்லை. எனவே “எதுவும் வேண்டாம், நன்றி” என்று அமெரிக்க நண்பர் சொல்வதைப் பார்த்து நாமும் சொல்லக்கூடாது. அங்கே மருத்துவச் செலவு எந்த உயரத்துக்குப் போகும் என்பது தெரிந்ததுதானே. எதில் கைவைத்தாலும் இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

வழியைப் பற்றிச் சில விஷயங்கள். கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பும் வடக்கு விளிம்பும் நேர்க்கோட்டில் பத்து மைல்தான், ஆனால் சாலை வழியாக 200 மைலுக்கு மேல். குளிர்காலத்தில் வடக்குப் பக்கம் போகும் சாலையை மூடிவிடுவார்கள். கலிபோர்னியாவில் யோசெமிட்டி தேசியப் பூங்காவின் டியோகா சாலையும் அப்படித்தான், பனிக்காலம் முழுக்க மூடியிருக்கும். யூட்டாவில் ஐ-70 நெடுஞ்சாலையில் கிரீன் ரிவருக்கும் சலைனாவுக்கும் நடுவே நூறு மைலுக்கு மேல் பெட்ரோல் கிடையாது. போனில் சிக்னலும் பல இடங்களில் இருக்காது, ஆஃப்லைன் மேப்பை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். கோடையில் அரிசோனா கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே மாற்றுவதில்லை, பக்கத்திலுள்ள யூட்டாவும் நவஹோ பழங்குடியினர் நிலமும் மாற்றுகின்றன. பேஜ் இந்த இரண்டுக்கும் அருகில் இருப்பதால் போன் ஒரு மணி நேரம் மாற்றிக் காட்டலாம். ஆன்டிலோப் கேன்யன் டிக்கெட் பதிவு செய்தவர்கள் எந்த நேரக் கணக்கு என்று நடத்துபவரிடமே கேட்டுவிடுங்கள்.

விசா விஷயத்துக்கு வருவோம். பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவு), ஐ-20 (கல்லூரி தரும் மாணவர் சான்று) மூன்றும் உடன் இருக்க வேண்டும். “நாட்டை விட்டா போகிறோம்?” என்று விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ், டெக்சாஸின் பிக் பெண்ட் பக்கம் நாட்டுக்குள்ளேயே எல்லைக் காவல் சோதனைச் சாவடிகள் இருக்கின்றன, வண்டியை நிறுத்திக் கேட்பார்கள். அதற்காகப் பையோடு காரில் வைத்துவிட்டுச் சுற்றப் போகவும் கூடாது; சான் பிரான்சிஸ்கோவில் கண்ணாடியை உடைத்துப் பை எடுப்பது சாதாரணமாக நடக்கிற திருட்டு. சான் டியேகோவில் ஐ-5 சாலையில் தெற்கே போனால் அமெரிக்காவின் கடைசி எக்ஸிட் என்று போர்டு வரும். அதைத் தவறவிட்டால் மெக்சிகோவுக்குள் போய்விடுவீர்கள், திரும்பி வர எல்லை அதிகாரிமுன் நிற்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது மதுவும் கஞ்சாவும்தான். குடித்துவிட்டு ஓட்டியதாகக் கைதானால், வழக்கு முடியும் முன்பே விசாவை ரத்து செய்ய அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு அதிகாரம் உண்டு. அப்படி ரத்தானபின் ஊருக்கு வந்தால் புதிதாக விசா வாங்கித்தான் திரும்ப முடியும். ஓட்டுபவர் குடிக்கவில்லை என்றாலும், பின்சீட்டில் திறந்த பீர் கேன் இருப்பதே பல மாநிலங்களில் குற்றம். கலிபோர்னியா, நெவாடா, அரிசோனாவில் 21 வயது ஆனவர்களுக்குக் கஞ்சா கடையிலேயே கிடைக்கும். ஆனால் மத்தியச் சட்டத்தில் அது இன்னும் தடை செய்யப்பட்ட பொருள், தேசியப் பூங்காக்கள் மத்திய அரசின் நிலம், விசா கொடுப்பதும் மத்திய அரசு. பயன்படுத்தியதாக அதிகாரியிடம் ஒப்புக்கொண்டாலே நுழைவு மறுக்கப்படலாம். கூட வரும் நண்பர் எவ்வளவு சாதாரணமாக நீட்டினாலும் வாங்காதீர்கள், காரிலும் ஏற்றவிடாதீர்கள்.

போலீஸ் விளக்கு பின்னால் மின்னினால் வலது ஓரம் நிறுத்துங்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் இறங்கிப் போய்ப் பேசக் கூடாது. அங்கே அது மிரட்டலாகத் தெரியும். உள்ளேயே உட்கார்ந்து, இரண்டு கையும் ஸ்டியரிங்மேல் தெரியும்படி வைத்து, கேட்ட பிறகு லைசென்ஸை எடுங்கள். டிக்கெட் (அபராதச் சீட்டு) கொடுத்தால், வேறு மாநிலம்தானே என்று கிழித்துப் போடாதீர்கள். கட்டாமல் விட்டால் உங்கள் மாநில லைசென்ஸே முடங்கலாம், கைது வாரண்ட் வரைகூடப் போகலாம். அதிலுள்ள கடைசித் தேதிக்குள் ஆன்லைனில் பணத்தைக் கட்டி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.