திரையரங்குக்கு அனுப்பும் படத்தின் சாவிகளைக் கையாளும் முறை

டி.சி.பி. என்னும் டிஜிட்டல் சினிமாத் தொகுப்பு வடிவில் திரையரங்குகளுக்குப் போகும் படத்தின் காட்சிக் கோப்பும் ஒலிக் கோப்பும், ரீலுக்கு ரீல், தனித்தனியான 128 பிட் ஏ.இ.எஸ். மறையாக்கச் சாவிகளால் பூட்டப்படுகின்றன. ஆகவே, படம் அடங்கிய வன்தட்டைவிடக் கவனமாகக் காக்க வேண்டியது சாவியே.

முதலில், ஒவ்வொரு அரங்கின் சர்வரிலிருந்தும் அதன் பொதுச் சாவி (பூட்ட மட்டும் உதவுவது) அடங்கிய சான்றிதழைப் பெற்றுக்கொள்ளுங்கள். அதைக் கொண்டு உருவாக்கும், படத்தின் சாவிகள் அடங்கிய கே.டி.எம். கோப்பை அந்த ஒரு சர்வரால் மட்டுமே பிரிக்க முடியும் என்பதால், அதை மின்னஞ்சலிலேயே அனுப்பலாம். சர்வரில் படத்தின் பூட்டைத் திறக்கும் பாகமான மீடியா பிளாக் பழுதாகி, அதை மாற்றினால் சான்றிதழும் மாறிவிடும். அரங்கினர் இதைச் சொல்ல மறந்துவிடக்கூடும் என்பதால், வெளியீட்டுக்குச் சில நாள் முன்பே தொடர் எண்ணைக் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அடுத்தது, கே.டி.எம். செல்லுபடியாகும் காலம். நேர மண்டலத்தில்தான் தவறு எளிதாக நேரும்: இந்திய நேரம் காலை 5 மணி என்பது உலகப் பொது நேரப்படி முந்தைய இரவு 11.30. ஒரு நாள் முன்னதாகவே தொடங்கும்படி கொடுத்தால் சோதனைத் திரையிடலுக்கும் இடமிருக்கும். ஆனால், அனுப்பிய கே.டி.எம்.மைத் திரும்பப் பெற வழியில்லை. எனவே முடிவுத் தேதியைத் தாராளமாக நீட்டாதீர்கள்.

மூலச் சாவிகளை இணையத் தொடர்பில்லாத கணினியில் வைத்து, மறையாக்கம் செய்த நகல் ஒன்றை வேறொரு கட்டடத்தில் பாதுகாத்திடுங்கள். அவை தொலைந்தால், படத்தைப் புதிதாகப் பூட்டி எல்லா அரங்குகளுக்கும் மீண்டும் அனுப்ப நேரிடும்.