தொட்டியில் இருக்கும் கடல் சாமந்தி எந்த வகை? அடியிலிருந்து பாருங்கள்

பவளத் தொட்டியில் கல்லோடு ஒட்டி வந்த கடல் சாமந்தியை (சீ அனிமோன், பூப்போல விரியும் கடல் உயிரி) நிறத்தை மட்டும் வைத்து அடையாளம் சொல்லவே கூடாது. விளக்கும் நீரோட்டமும் மாறினால் நிறம் மாறும், விரல் (வாயைச் சுற்றியுள்ள உணர்கொம்பு) நுனியின் வடிவமும் மாறும். நம்பத் தகுந்தவை தண்டும், அடிப்பாதம் ஒட்டியிருக்கும் இடமும்தான்.

நீல விளக்கை அணைத்து, வெள்ளை வெளிச்சத்தில் பாருங்கள். பம்பை நிறுத்திவிட்டு மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் தண்டு தெரிய ஒரு படம் எடுங்கள். பிறகு பிளாஸ்டிக் குச்சியால் லேசாகத் தொடுங்கள். சுருங்கியதும் அடியில் சுண்ணாம்புக் கூடு தெரிந்தால் அது பவளம், சாமந்தியே அல்ல. மணலில் குழாய்க்குள் இருந்துகொண்டு, வெளியே நீளமும் உள்ளே குட்டையுமாக இரண்டு வட்டங்களாக விரல்கள் இருந்தால் அது குழல் சாமந்தி.

அதிகம் தலைவலி தருவது ஐப்டேசியா என்ற சாமந்தி வகை. கண்ணாடி போன்ற பழுப்பு உடல், கூரிய மெல்லிய விரல்கள், நீண்டவற்றுக்கு நடுவே குட்டையானவை. தொட்ட நொடியில் பொந்துக்குள் போய்விடும். சீண்டினால் தண்டிலிருந்து வெள்ளை நூல்களை விடும். இதைக் கத்தியால் சுரண்டாதீர்கள், நசுக்காதீர்கள். அடியில் தங்கும் சிறு துணுக்கும் புதிய சாமந்தியாகும். இதேபோல் பெருகும் மஜானோ என்ற வகைக்கு விரல்கள் குட்டை, நுனி உருண்டை. குமிழ்நுனிச் சாமந்தி என்று பலர் ஆசையாக வளர்ப்பது பல நேரம் இதைத்தான்.

உண்மையான குமிழ்நுனிச் சாமந்தியின் அடி கல்லிடுக்கில் இருக்கும், தண்டு வழவழப்பாக இருக்கும். நுனிக் குமிழ் வரும், போகும். அதை ஆதாரமாக எடுக்க வேண்டாம். அடி மணலுக்குள் புதைந்து, தண்டின் கீழ்ப்பகுதி ஆரஞ்சு அல்லது சிவப்பாக, மேலே வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் நீள்விரல் சாமந்தி. விரிந்த தட்டில் குட்டை விரல்கள் நெருங்கி, கையில் ஒட்டினால் கார்ப்பெட் வகை. சிறு மீனையும் பிடித்துத் தின்னும். பாறை உச்சியில் வெட்டவெளியில் நின்று, தண்டு பளிச்சென்ற நிறமாக இருப்பது மேக்னிஃபிகா என்ற வகை. உடல் முழுக்க வெளுத்திருந்தால் அது அழகு அல்ல, உள்ளே வாழும் பாசியை இழந்த நோய். பளிச்சென்ற மஞ்சள் பெரும்பாலும் சாயம் ஏற்றியது.

ஐப்டேசியா உறுதியானால், அதைக் கொல்ல வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பே மருந்து. அதுவும் கால்சியம் ஹைட்ராக்சைடுதான். வாசனையோ நிறமோ கலந்தது மட்டும் ஆகாது. ஆர்.ஓ. தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து, பம்பை நிறுத்தி, ஊசி இல்லாத சிரிஞ்சால் சாமந்தியின் வாயை மூடும்படி சுமார் 1 மி.லி. வையுங்கள். 15 நிமிடம் கழித்துப் பம்பை ஓட விடுங்கள். 200 லிட்டர் தொட்டியில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு சாமந்திக்கு மேல் வேண்டாம், நீரின் பி.எச். (காரத்தன்மை) ஏறிவிடும். சுண்ணாம்பு உங்கள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சித்திரை வெயிலில் தொட்டி 30 டிகிரி தாண்டினால் நல்ல சாமந்தியும் சுருங்கி, வெளுத்து, இடம் மாறும். அந்த நிலையில் அடையாளம் காண முயல வேண்டாம். முற்றத்து வெயில் படாத உள்கட்டில் தொட்டியை வையுங்கள். விசிறி வைத்து, முடிந்தவரை 25–27 டிகிரிக்கு அருகில் கொண்டு வந்து, ஆவியாகும் நீருக்கு ஆர்.ஓ. நீரே ஊற்றி, ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். அதுவரை பவர்ஹெட் (தொட்டிக்குள் நீரோட்டம் தரும் பம்பு) வாயில் பஞ்சு மாட்டி வையுங்கள். அலையும் சாமந்தி அதில் சிக்கி அரைபட்டால் தொட்டி நீர் முழுவதும் கெடும்.

தொண்டிப் பக்கம் கடற்கரைக்குப் போனால் பவளக் கல்லை அள்ளி வராதீர்கள். கற்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. உயிரற்ற துண்டும் வைத்திருப்பது குற்றம்.